மீன் வாடை ஆகாத மாப்பிள்ளை

என் தங்கை பொன்னழகைக் கட்டியவர் என்பதால் சிவபிரகாஷை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். நேரில் பார்த்தால் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் என்னவென்று கூப்பிடுவேன் என்பதை எழுத முடியாது. வீட்டில் பிள்ளைகள் படிப்பார்கள்.

திண்டுக்கல்லில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அவருடைய அப்பா புளி வியாபாரி. நத்தம் பக்கம் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, உடைத்து, கொட்டை நீக்கி, வெயிலில் காய்ந்து காய்ந்து, டவுன் ஓரத்தில் வரிசையாகச் சரக்குக் கிட்டங்கிகள் கட்டி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்தக் கிட்டங்கிகளின் வாடகையில்தான் மகன் மணக்கிறார். இவர் ஒரு நாளும் ஒரு புளியம்பழத்தைக் கையால் தொட்டதில்லை. விரல் கறுத்துவிடுமாம்.

காலையில் எழுந்ததும் எல்லோருக்கும் காபி என்றால் அவருக்கு முகம். நிலக்கோட்டை ரோஜாவை ஊற வைத்த தண்ணீரை என் தங்கை பிரிட்ஜிலிருந்து எடுத்து நீட்ட வேண்டும். அதில் கழுவி, எந்தத் தேசத்திலிருந்தோ டப்பாவில் வரும் கறுப்புச் சேற்றை முகம் முழுக்கப் பூசி, கண்மேல் வெள்ளரித் துண்டுகளை வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடப்பார். அப்போது அவர் வாயைத் திறந்தால் பூச்சு வெடித்துவிடும். நான் ஒரு முறை அந்த நேரம் பார்த்துப் போய்விட்டேன். “வாங்க மச்சான்” என்று சொல்ல வேண்டியவர் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார். பெண் கொடுத்தவனை விரலால் வரவேற்ற ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

பிறகு கால் நகத்துக்கு ஒரு நாள், தலைமுடிக்கு ஒரு நாள், புருவத்துக்கு ஒரு நாள் என்று சலூன். உடுப்பெல்லாம் லினன், எல்லாம் வெள்ளை, அல்லது வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும் ஏதாவது ஒரு நிறம். அந்த உடுப்புகளுக்கென்று வீட்டில் ஒரு தனி அறை, அதில் ஓயாமல் ஏசி. சித்திரை வெயிலில் என் தங்கை அடுப்படியில் வியர்த்துக்கொண்டு நிற்பாள், பக்கத்து அறையில் அவருடைய சட்டைகள் குளிர் வாங்கிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டு வந்த அன்றெல்லாம் எனக்குச் சோறு இறங்காது.

இதையும் பொறுத்துக்கொள்ளலாம். அவரவர் உடம்பு, அவரவர் பவுடர். பொறுக்க முடியாதது மீன் விஷயம்.

பொன்னழகு கண்மாய்க் கரையில் வளர்ந்தவள். எங்கள் ஊரில் பொம்பளைப் பிள்ளைகளில் விரால் பிடிக்க அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கல்யாணமாகிப் போன புதிதில் ஆசை ஆசையாக அயிரை மீன் வாங்கி, மண்சட்டியில் குழம்பு வைத்திருக்கிறாள். வெளியே போயிருந்த மாப்பிள்ளை வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாராம். “இது வீடா, மார்க்கெட்டா? லினன்ல வாடை ஏறுச்சுன்னா போகுமா?” என்று கத்தி, சட்டியோடு கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் கொட்டச் சொன்னார். கொட்டியது அவள்தான். அன்றோடு அந்த வீட்டுக்குள் மீன் நுழையவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால்தான் அவளுக்கு மீன். தின்றுவிட்டு சோப்புப் போட்டுக் குளித்து, பல் விளக்கி, சேலை மாற்றிக்கொண்டுதான் பஸ் ஏறுவாள். தாய் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டதைத் திருட்டைப்போல் மறைக்கும் பெண்ணை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

இதே மாப்பிள்ளை கொச்சிக்குப் போனால் பெரிய ஓட்டலில் எலுமிச்சம்பழம் பிழிந்து மீன் சாப்பிடுவார். அதைப் படம் எடுத்தும் போடுவார். அந்த மீனுக்கு இங்கிலீஷ் பெயர் இருப்பதால் வாடை அடிக்காது போல.

கொச்சியில்தான் அவருக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. பணக்காரர்கள் சாயங்காலம் கடலில் உல்லாசப் படகில் போவார்களாம், அதற்கு யாட் என்று பெயராம். இவரும் வாடகைக்கு எடுத்துப் போனார். என் தங்கையையும் கூட்டிப் போனார். ஆனால் படம் எடுக்கும் நேரத்தில், “உன் சேலை செட் ஆகல, நீ கீழ போயி உக்காரு” என்று அனுப்பிவிட்டார். அவள் கீழே இன்ஜின் சூட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, மேலே இவர் காற்று வாங்கினார்.

அடுத்த வருஷமே, கொச்சியில் யாரோ கழித்துக் கட்டிய ஒரு சின்னப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். வெள்ளைப் பெயின்ட், பக்கவாட்டில் தங்க எழுத்தில் அவருடைய பெயர். கடல் எந்தத் திசையில் இருக்கிறதென்று கேட்டால் யோசித்துச் சொல்ல வேண்டிய ஊர் திண்டுக்கல். அவர் வீட்டுத் தெருவில் குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் குடங்களுக்குப் பக்கத்தில் யாட் நின்றது. நாய்கள் அதற்கடியில் படுத்துத் தூங்கின.

சும்மா நின்றிருந்தால் சரி. மாப்பிள்ளை கொச்சிப் படகுக்காரர்களின் வாட்ஸப் குழுவில், தனக்கு ஊரில் சொந்தமாக ஓர் ஏரியே இருப்பதாக அளந்துவிட்டிருக்கிறார். அவர்கள் படம் கேட்டார்கள். அதற்காகத்தான் போன வைகாசியில் பொன்னழகையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் ஊருக்கு அவர் வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

“மச்சான், ஒரு ஸ்மால் ஹெல்ப். உங்க ஊர்க் கண்மாய்ல நம்ம யாட்டை இறக்கி ஒரு ஷூட் பண்ணணும். மீன் பிடிக்கிற அன்னைக்கே வச்சுக்கலாம். கரை நிறைய ஜனம் நிக்கும்ல, பேக்ரவுண்டுக்கு நல்லா இருக்கும்.”

அந்த நாளை எங்கள் பக்கம் கண்மாய் அழிகிற நாள் என்போம். கோடையில் தண்ணீர் வற்றிக்கொண்டு வரும்போது ஒரு நாள் குறித்து, சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவோம். விடியுமுன்னே ஜனம் கரையில் வந்து நிற்கும். கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசுவார். வீசினால் அத்தனை பேரும் உள்ளே இறங்கலாம். வீசும்வரை ஒரு கால் தண்ணீரில் படக் கூடாது. பிடித்த மீனை விற்கவும் கூடாது, அவரவர் வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும். அன்று சாயங்காலம் சுற்றுப்பட்டில் மீன் மணக்காத வீடு இருக்காது. அப்படிப்பட்ட நாளில் எங்கள் ஜனம் இவருக்கு பேக்ரவுண்டாம்!

வாய் வரை வந்ததை விழுங்கியது என் தங்கையின் முகத்தைப் பார்த்துத்தான். அவள் அடுப்படிப் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

“அண்ணே, முடியாதுன்னு சொல்லிராத. நானும் ஒண்ணு கேட்டுருக்கேன். கம்மா அழியிற அன்னைக்கு நான் ஒரு மீன் பிடிச்சு, திண்டுக்கல்ல எங்க வீட்ல, என் அடுப்புல குழம்பு வைக்கணும்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“பாக்கலாம்னாக.”

இத்தனை வருஷத்தில் அவருடைய வாயிலிருந்து வந்த பெரிய வரமே அதுதான் போலிருக்கிறது. அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அதற்காகவே ஊர்ப் பெரியவர் பொம்மையனிடம் போய் நின்றேன்.

“ஏலே சோலை, கம்மாய்க்குள்ள கப்பலா? தண்ணி இடுப்பளவு இருந்தாப் பெருசு. மாப்ளைக்குக் கிறுக்கா?”

“பொன்னுக்காகக் கேக்குறேன் பெரியப்பா.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “வெள்ளை வீசறதுக்கு முந்தி ஒரு சுத்துச் சுத்திட்டு ஏறிரணும். அம்புட்டுத்தான்” என்றார்.

அந்த நாளும் வந்தது. கரை முழுக்கத் தலைகள். ஆளுக்கொரு வலை, இல்லையென்றால் ஊத்தா. ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை. மீன் ஓடும் இடத்தில் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டுப் பிடிப்பார்கள். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார். வெள்ளை லினன் சட்டை, வெள்ளை கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் வெள்ளைப் பட்டுத் துண்டு. அவருக்குப் பின்னால் என் தங்கை, இரண்டு கையிலும் அவருடைய தோல் பையைத் தூக்கிக்கொண்டு. பைக்குள் வெயிலுக்குப் பூசும் களிம்பு, உதட்டுக்குப் பூசும் களிம்பு, சீப்பு, மாற்றுடை. டவுனிலிருந்து வந்த போட்டோகிராபர் ஆனந்த்ராஜ் கரையில் கேமராவோடு நின்றான்.

“நீ தண்ணியில இறங்கிராத பொன்னு,” என்றார் மாப்பிள்ளை. “அந்தச் சேத்தோட கார்ல ஏற முடியாது.”

“அப்ப மீனு?”

“அது கார்ல எப்படி வரும்? அறிவு வேணாம்? போற வழியில ஓட்டல்ல வாங்கித் தாரேன்.”

அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற ஒச்சாயி, கையில் ஊத்தாவோடு, அவரை ஏற இறங்கப் பார்த்துத் துப்பினாள். எங்கள் தெருக்காரி, பொன்னழகோடு சேர்ந்து மீன் பிடித்து வளர்ந்தவள்.

டிராக்டர் வைத்துப் படகை இறக்கினோம். இன்ஜின் உறுமியது, படகு கொஞ்ச தூரம் போனது, நடுக் கண்மாயில் சேற்றில் சொருகி நின்றது. மீன் பிடிக்க நாள் குறிப்பதே தண்ணீர் வற்றிய பிறகுதான் என்பது அத்தனை பேருக்கும் தெரியும், அவரைத் தவிர. கரையில் ஒரே சிரிப்பு. அவருக்கு அது கைதட்டல்போல் கேட்டிருக்க வேண்டும். ஓடினால் என்ன, நின்றால் என்ன, படத்தில் தெரியவா போகிறது? படகின் முனையில் ஏறி, இடுப்பில் கை வைத்து நின்றார்.

“சார், அந்தத் துண்டை எடுத்துக் காத்துல வீசுங்க சார்! சூப்பரா வரும்!” என்று கத்தினான் ஆனந்த்ராஜ். டவுன்காரன், அவனுக்கு என்ன தெரியும்?

மாப்பிள்ளை கழுத்திலிருந்த வெள்ளைத் துண்டை உருவி, தலைக்கு மேல் சுழற்றி வீசினார்.

எதிர்க் கரையில் யாரோ கத்தினார்கள், “வீசிட்டாகடோய்!”

அவ்வளவுதான். நாலு கரையிலிருந்தும் ஜனம் திபுதிபுவென்று இறங்கியது. பொம்மையன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுக்கக்கூட நேரமில்லை. “அது இல்லடா, அது இல்லடா!” என்று அவர் கத்தியது யார் காதிலும் விழவில்லை. இறங்கியவர்களுக்குப் படகு கண்ணில் படவில்லை, மீன்தான் பட்டது. படகுக்கடியில் மீன் ஒதுங்கும் என்று ஒரு கூட்டம் அதைச் சாய்த்தது. மாப்பிள்ளை சாய்ந்தார், பிடிக்க எதுவும் கிடைக்காமல் சேற்றில் விழுந்தார். கண்ணாடி எங்கே போனதோ தெரியவில்லை. எழுந்தபோது தலை முதல் கால் வரை கறுப்பு. எங்கிருந்தோ வரவழைத்துப் பூசும் சரக்கு அன்று எங்கள் ஊரில் சும்மா கிடைத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

ஊன்றிய கையில் கெளுத்தி முள் ஏறியிருக்க வேண்டும். அலறினார்.

“பொன்னு! வந்து தூக்கு! ஏய் பொன்னு!”

என் தங்கை ஒரு கணம் நின்றாள். பிறகு பையைக் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். ஒச்சாயியின் கையிலிருந்த ஊத்தாவை வாங்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவரை நோக்கித்தான் நடந்தாள். அவரும் கையை நீட்டினார். அவள் அந்தக் கைக்குப் பக்கத்தில் போனாள், அதைத் தாண்டியும் போனாள். படகுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கலங்கிய இடத்தில் ஊத்தாவைக் கவிழ்த்து, தோள் வரை கையை விட்டாள். வெளியே எடுத்தபோது முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், வாலை அடித்து அவள் முகத்தில் சேற்றைத் தெளித்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

மாப்பிள்ளையைக் கடைசியில் நானும் டிராக்டர்காரனும்தான் தூக்கி விட்டோம். கரைக்கு வந்தபோது பொன்னழகு அவருடைய தோல் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். களிம்பு, சீப்பு, மாற்றுடை எல்லாம் புல்லில் விழுந்தன. காலிப் பைக்குள் விராலைப் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“அது இட்டாலி லெதர்!” என்றார் அவர்.

“ஒழுகாதுல்ல?” என்று கேட்டாள் அவள். கேலியாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல் இருந்தது.

அவர் சீட்டில் பிளாஸ்டிக் விரித்துக் காரில் போனார். அவள் நத்தத்திலிருந்து வரும் பஸ்ஸில் போனாள். துணைக்கு நானும் போனேன். என்ன நடக்குமோ என்று எனக்குப் பயம்தான். வழியில் இறங்கி ஒரு மண்சட்டி வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அந்த வீட்டில் குழம்பு கொதித்தது. எங்கள் வீட்டுக் குழம்பின் மணம். தெருவில் குடத்தோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை குளியலறையிலிருந்து வெகுநேரம் கழித்து வந்தார். துண்டுத் துணியில் தைத்த அங்கியோடு, மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுப்படி வாசலில் நின்றார்.

பொன்னழகு எனக்கு ஓர் இலையைப் போட்டாள். அவர் சாப்பிடும் முன் கை நனைக்காத என் தங்கை, தனக்கும் ஓர் இலையைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். நடுத்துண்டத்தைத் தன் இலையில் வைத்துப் பிசைந்து, முதல் வாய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

“துணி ரூமுக்குள்ள போகுது வாடை,” என்றார் அவர். அவள் இன்னொரு வாய் வைத்தாள். “பொன்னு, ஜன்னலையாவது தொற.”

“கை எச்சிங்க,” என்றாள் அவள், தலையைத் தூக்காமல். “நீங்களே தொறந்துக்கங்க.”

அவர் ஜன்னல் பக்கம் போனார். மேலே தடவினார், கீழே தடவினார், கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். தன் வீட்டு அடுப்படி ஜன்னலின் கொண்டி எங்கே இருக்கிறதென்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை.