நூலகச் சுவரில் காய் எடுக்கும் பெண்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் போடி நூலகத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு மலை வரலாறு சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யாரைக் கூப்பிட முடியும்? குரங்கணிப் பாதையில் ஏலக்காய் மூட்டை சுமந்து, பிறகு சொந்தக் கடை வைத்து, கையில் அள்ளியதுமே காயின் தரம் சொல்லும் அளவுக்கு வந்தவன். நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரைவார்கள். நூலகர் சுவரில் ஒட்டுவார்.

அந்த வாரம் காய் எடுக்கும் பெண்களைப் பற்றிச் சொன்னேன். இறந்துபோன என் மனைவியும் அந்த வேலை செய்தவள்தான். செடியின் தூரில் குந்தி, மண்ணோடு கிடக்கும் சரத்தில் விளைந்த காயை மட்டும் பறிக்க வேண்டும். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. படமாகவாவது சுவரில் இருக்கட்டும் என்று ஒரு சிறுமியிடம் அவளை வரையச் சொன்னேன்.

"தாத்தா, மூக்குத்தி எந்தப் பக்கம்?"

"வலது பக்கம் ஆத்தா. செகப்புக்கல்லு. நான் வாங்கிக் குடுத்ததாக்கும், மின்னணும்."

"அடேங்கப்பா!" என்றது இன்னொரு பிள்ளை.

சாயங்காலம் மதுரையில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன். சிவப்புக்கல் மூக்குத்தியைப் பற்றியும் சொன்னேன்.

"அம்மாவுக்கு ஏதுப்பா மூக்குத்தி?"

"மூக்கு குத்தியிருந்துச்சேம்மா!"

"குத்துன ஓட்டை தூந்துறக் கூடாதுன்னு ஈர்க்குச்சிதாம்ப்பா சொருகியிருந்துச்சு. வெளக்கமாத்துல ஒடிச்சு நான்தானே குடுப்பேன்? கடை வச்சதும் வாங்கித் தர்றேன்னீகளாம். கேளும்மான்னா, அவருக்குச் சோலி சாஸ்தின்னுரும்."

கடை வைத்தேன். வீடு கட்டினேன். இரண்டு ஜீப்பு வாங்கினேன். வாங்கித் தர வேண்டும், வாங்கித் தர வேண்டும் என்று நினைத்தே வாங்கித் தந்துவிட்டதாக மனதில் பதிந்துவிட்டது போலிருக்கிறது. அவளைக் கடைசியாகத் தூக்கிப் போனபோதும் அந்தக் குச்சி மூக்கில் இருந்ததாம். பக்கத்தில்தான் நின்றேன். பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தச் சிறுமியைச் சுவரருகே கூப்பிட்டேன்.

"ஆத்தா, அந்தக் கல்லை மறைச்சு, சின்னதா ஒரு குச்சி வரஞ்சு விடு."

"குச்சியா? யாராச்சும் மூக்குல குச்சி போடுவாகளா தாத்தா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அவள் பழுப்பு வண்ணம் தொட்டு, சிவப்பின் மேல் ஒரே இழுப்பு இழுத்தாள்.

"ஏன் தாத்தா வாங்கிக் குடுக்கல?"

"மறந்துட்டேன் ஆத்தா."

தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்புட்டு வருசமுமா?"