மட்டிப்பழக் குலையோடு வந்தவர்கள்

எனக்கு எண்பத்து நான்கு வயது நடக்கிறது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் என் அம்மை பெற்று என் கையில் விட்டுப் போனவர்கள். அந்த இருவரில் மூத்தவர்தான் இந்த நினைவு மலரில் படமாய் இருக்கும் என் தம்பி. இளையவள் என் தங்கச்சி, தக்கலையில் இருக்கிறாள். அவள் கைக்கும் இந்த மலர் போகும். அதனால்தான் நானும் ஒரு கட்டுரை தருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். தம்பியை என் வாய் 'அவன்' என்றுதான் சொல்லும். அவள் 'அவர்' என்று எழுதுகிறாள். போகட்டும், பல்கலைக்கழகத் துணைவேந்தராய் இருந்தவர், அந்த மரியாதை வேண்டியதுதான். அவருடைய பட்டங்களையும் பதவிகளையும் அவர் மகள் முன்பக்கங்களில் எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

தம்பி பிறந்தது குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்து ஓரத்தில் ஓர் ஓலை வீட்டில். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவார். தங்கச்சியைப் பெற்ற காய்ச்சலில் அம்மை போய்விட்டாள். நான் அப்போதே அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்தேன். கொட்டை எண்ணெய் பட்டு விரல்தோல் உரியும். அந்தக் கையால் தம்பிக்கு மரச்சீனிக் கிழங்கு பிசைந்து கொடுத்தால், "எக்கா, கையி நாறுது" என்பார். "நாறினா தின்னாதே, போலே" என்பேன். தின்றுவிடுவார்.

சாயங்காலம் நான் அடுப்பு ஊதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாய் வாசிப்பார். எனக்கு ஒன்றும் விளங்காது. நிறுத்தினால் மட்டும், "ஏம்லே நிறுத்தினே?" என்று கேட்பேன். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் எனக்குக் கஞ்சி இறங்காது.

நாகர்கோவிலில் காலேஜ் படித்தார். விரிவுரையாளர் ஆனார், துறைத்தலைவர் ஆனார், முதல்வர் ஆனார், பிறகு வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் பதிவாளர் ஆனார். ஒவ்வொரு தடவையும், "இது ஒண்ணு முடியட்டும் எக்கா, உன் வீட்டுல வந்து நாலு மாசம் கிடந்து உறங்கணும்" என்று போனில் சொல்வார். ஒன்று முடியும் முன்னே அடுத்தது வந்துவிடும். கடைசியில் துணைவேந்தர் ஆனார். ஊரில் பெரிய பெரிய பலகை வைத்தார்கள். சபையில் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

அன்றிலிருந்துதான் மட்டிப்பழக் குலை ஆரம்பித்தது. நம் ஊரில் யாரையாவது பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகமாட்டோம். பிள்ளைக்கு இடம் வேண்டும், மருமகளுக்கு மாறுதல் வேண்டும், எதுவானாலும் ஒரு குலை மட்டிப்பழம், நம் பக்கத்துச் சின்ன வாழைப்பழம். முதலில் என் வீட்டுக்கு வருவார்கள், "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்பார்கள். தம்பி பழத்தைத் திருப்பி அனுப்பமாட்டார், சொந்தக்காரர் கொண்டு வந்ததாயிற்றே. வாங்கி, வாழைத்தோட்டம் வைத்தவர்போல அடுக்கி, மாணவர் விடுதிச் சமையலறைக்கு அனுப்பிவிடுவார். வந்தவர்களிடம், "விண்ணப்பம் முறைப்படி வரட்டும்" என்பார். அவ்வளவுதான். விடுதிப் பிள்ளைகள் பழத்தைக் கண்டால், "மாப்ள, கன்னியாகுமரி வண்டி வந்தாச்சு, எவனுக்கோ வேலை கிடைக்காது" என்று சிரிப்பார்களாம். இதைத் தம்பியே சொல்லிச் சிரித்தார். ஆனால் அவர் மட்டிப்பழம் தின்பதையே விட்டுவிட்டார்.

ஒரு பட்டமளிப்பு விழாவுக்கு என்னைக் கூட்டிப் போனார். அங்கி போட்டு, தொப்பி வைத்து, மெதுவாக நடந்து வந்தபோது, இது நான் கிழங்கு ஊட்டிய பிள்ளைதானா என்று பார்த்தேன். விழா முடிந்து அறைக்கு வந்து அங்கியைக் கழற்றினார். பனியன் முழுக்க வேர்வை. நாள்கணக்காய்ச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டு வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. "எக்கா, தலைக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் வச்சுத் தாறியா?" என்றார். வைத்தேன். இருந்த இடத்திலேயே உறங்கிவிட்டார். வெளியே யார் யாரோ காத்திருந்தார்கள்.

இனி சொல்லப்போவது உங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்ததாக நீங்கள் நினைப்பது.

தங்கச்சியின் மகன் நன்றாய்ப் படித்தவன். தம்பியின் பல்கலைக்கழகத்திலேயே உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தான். தங்கச்சி ஒரு குலையோடு போனாள். நானும் கூடப் போனேன். தம்பி குலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீயுமா பிள்ளே?" என்றார்.

"நான் என்ன அந்நியமா அண்ணே? என் பிள்ளைக்குத் தகுதி இல்லியா?"

"தகுதி இருக்கு. அதுதான் எனக்குப் பயம். அவன் தேறினாலும் மாமன் போட்டதுன்னுதான் சொல்லுவாவ. சாகுற வரைக்கும் அவன் முதுகுல அது கிடக்கும். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கச் சொல்லு. வேற எடத்துல போடட்டும்."

"ஊருல உள்ளவன் பிள்ளைக்கெல்லாம் வாசல் தொறந்திருக்கு. உன் தங்கச்சி பிள்ளைக்கு மட்டும் அடைச்சிருக்கு. நல்ல நீதி!"

குலையை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். பையன் மாமா சொன்னபடி விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கினான். வேறு இடங்களில் கேட்டான், அமையவில்லை. இப்போது தக்கலையில் டியூஷன் நடத்துகிறான். அதன்பிறகு தங்கச்சி அண்ணன் இருக்கும் இடத்தில் கால் வைக்கவில்லை. தம்பி செய்தது சரியா தப்பா என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நான்தான் கிழங்கு ஊட்டினேன். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

பதவி முடிந்தது. வண்டி போனது. போன் சத்தம் நின்றது. மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள், மகள் வெளிநாட்டில். சொன்ன வாக்கின்படி தம்பி என் வீட்டுக்கு உறங்க வந்தார். வரும்போதே நோயோடு வந்தார். கை நடுக்கம் கூடி, கரண்டி பிடிக்க முடியாமல் ஆனது. பிறகு தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. எனக்கோ அவரைத் தூக்கி உட்கார வைக்கத் திராணி இல்லை.

ஒருநாள் காலை டியூஷன் முடிந்த கையோடு தங்கச்சி மகன் வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். "பெரியம்மே, நான் வந்தது அம்மைக்குத் தெரியாண்டாம், சொல்லிராதீங்க" என்றான். உள்ளே போய், சிறு பிள்ளைக்குப் பிசைவதுபோலப் பழத்தைப் பிசைந்து, தம்பியின் வாயருகே கொண்டு போனான். தம்பி பழத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்.

"தின்னுங்க மாமா. இது சிபாரிசுக்குக் கொண்டு வந்ததில்ல."

தம்பி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. தின்றார். அன்று முதல் கடைசி வரை அவன்தான் வந்து குளிப்பாட்டினான், உடுப்பு மாற்றினான், ஊட்டினான். ஒருநாள் அவன் போன பிறகு தம்பி கேட்டார்:

"எக்கா, இவனுக்கு நான் செஞ்சது சரிதானா?"

"இப்ப என்னத்துக்குலே அது? கண்ணை மூடி உறங்கு" என்றேன்.

உறங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை.

அடக்கத்துக்குத் தங்கச்சி வந்தாள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றாள். மண் போடும் முன்னே ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். நான் பார்த்தேன்.

ஒரு வருடம் ஆகிறது. நன்றி சொல்ல வேண்டிய முறை இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஜெபித்த ஆயருக்கும், பாடகர் குழுவுக்கும், ஊசி போட வந்த நர்ஸ் பிள்ளைக்கும், பெட்டி தூக்கிய பக்கத்து வீட்டுப் பையன்களுக்கும், பஸ் மாறி மாறி வந்து ஓரமாய் நின்று அழுதுவிட்டுப் போன பல்கலைக்கழகக் காவலாளிக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவன் உண்டு. அவனை விட்டுவிட்டு நன்றி என்று எழுதினால் அது பொய். என் தங்கச்சியின் மகன் ஜெபராஜ். அம்மையிடம் சொல்லாதீர்கள் என்று அவன் கேட்டான். நான் சொல்லவில்லை. எழுதக்கூடாது என்று அவன் கேட்கவில்லை.

தங்கச்சி, உன் அண்ணன் தொண்டையில் கடைசியாய் இறங்கியது உன் பிள்ளை பிசைந்த மட்டிப்பழம். கோபம் உன்னோடு இருக்கட்டும், அதைத் தா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அப்படி ஒரு பிள்ளையை நீ வளர்த்தாய் என்று உனக்குத் தெரியவேண்டும். வருட ஜெபத்துக்கு வா. சுவருக்கு உள்ளே வா. எனக்கு இனி தக்கலை வரை பஸ் ஏற முடியாது.

ஏட்டி பிள்ளே, எழுதினது போதும். முதலில் இருந்து வாசி, கேட்கிறேன். தங்கச்சிக்குச் சொன்ன இடம் வரும்போது சத்தமாய் வாசி. நடுவில் நிறுத்தாதே.