காலிப்பருக்குப் புது மரை

எங்கள் வேன் ஒரு முன் சக்கரத்தை இழந்து, ஜாக்கியின் மேல் சாய்ந்து நின்ற ஒரு காலைப்பொழுதை, என் வாழ்வின் மிகச் சிறந்த நாளாக நெடுங்காலம் கருதிவந்தேன். அது 2005ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது.

அன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சாச்சா சென்னை விமான நிலையத்தில் வந்திறங்க இருந்தார். சாச்சா என்பவர் என் தாயின் தங்கையான சாச்சியின் கணவர். குவைத்துக்குப் போய் இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் முதன்முறையாக ஊர் திரும்புகிறார். அவரை அழைத்துவர என் தந்தையான அத்தாவின் வேனில் போவதென்றும், எனக்கும் அதில் இடம் உண்டென்றும் முடிவாகியிருந்தது. விமானத்தை அதுவரை எங்கள் உப்பளங்களுக்கு மேலே கொக்கின் அளவில் மட்டுமே பார்த்திருந்தேன். வேன் ஓடாவிட்டால் வாடகைக் கார்தான். பெரியவர்களும் சாச்சாவின் பெட்டிகளும் போக அதில் எனக்கு இடமிருக்காது.

தவறு அத்தாவுடையது. நீண்ட பயணமாயிற்றே என்று முந்தைய நாள் பிரேக் கட்டைகளைத் தாமே மாற்றியிருந்தார். உப்பு லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிப் பழகிய கை அது. கயிறானாலும் போல்ட்டானாலும் கடைசியாக ஓர் இழுப்பு இழுத்தால்தான் அவருக்கு மனம் அடங்கும். சக்கரத்தின் தட்டை இருபுறமும் கவ்வி நிறுத்தும் காலிப்பர், ஏற்கெனவே உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்தது. அந்தக் கடைசி இழுப்பை அது பொறுக்கவில்லை. காலையில் வேனை எடுத்ததுமே கடகடவென்று சத்தம். ஊர்ந்தபடியே கடற்கரைச் சாலையோரக் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, போல்ட்டை இரண்டு விரலால் உருவி எடுத்துக் காட்டினார்.

"யாரு பாய் இத டைட்டு பண்ணது?"

அத்தா கடல் பக்கம் பார்த்தார்.

"போல்ட்ட முடுக்குங்கன்னா லோடு கட்டி வச்சிருக்கீங்க. மரை கழண்டுபோச்சு பாய். கெளம்ப பத்து மணியாவும், வூட்ல சொல்லி அனுப்புங்க."

செய்தியைச் சுமந்துகொண்டு நான் ஓடினேன். வழியில் ஒரு சொல்லும் சிந்திவிடக் கூடாதே என்று அதைச் சுருக்கிக்கொண்டேன். வாசலிலேயே நின்று உரக்க அறிவித்தேன்: "அத்தாவுக்கு மரை கழண்டுபோச்சாம்! மெக்கானிக் சொல்றாரு!"

அடுப்படியிலிருந்து அம்மா நிதானமாகச் சொன்னாள்: "நிக்காஹ் ஆன அன்னிக்கே எனக்குத் தெரியுமே. அவருக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாச்சி மட்டும் சிரிக்கவில்லை. வேனுக்கு என்ன என்று கேட்டறிந்தாள். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, தேநீர்க் குடுவையை எடுத்துக்கொண்டு என்னுடன் கொட்டகைக்கே வந்துவிட்டாள்.

அங்கே நடந்ததை மூச்சுவிடாமல் பார்த்தேன். மெக்கானிக் பழுதான துளையைச் சற்றுப் பெரிதாகக் குடைந்தார். மரை வெட்டும் கருவியை எண்ணெயில் தோய்த்து, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று திருகினார். பளபளக்கும் இரும்புத் துகள்கள் உதிர்ந்தன. பிறகு ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து சிறு கம்பிச் சுருளை எடுத்துத் துளைக்குள் இறக்கினார். அதன் வால் டக்கென்று ஒடிந்தது. கழண்ட துளைக்குள் இப்போது புது மரை இருந்தது! புது போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. முடுக்குவதற்கு அத்தா தம்மையறியாமல் கை நீட்டினார்.

"பாய், நீங்க கொஞ்சம் அந்தாண்ட போங்க."

சக்கரம் மாட்டியாயிற்று. உப்பளத்து வளைவுவரை ஓட்டிப்போய் அழுத்திப் பார்த்தார்கள். வேன் கட்டிப்போட்டது போல நின்றது. நான் குதித்தேன்.

"இன்னொரு வாட்டி பாத்துடுங்களேன்," என்றாள் சாச்சி.

பார்த்தார்கள். அதன் பிறகும் அவளுக்குத் திருப்தியில்லை. "அந்தப் பக்கத்து சக்கரத்தையும் கழட்டிப் பாத்துட்டா நல்லதுங்க."

"ஏம்மா, ஆப்ரேசன் பண்ற டாக்டர்கூட இவ்ளோ கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டாரும்மா," என்றார் மெக்கானிக். "பழைய மரையவிட இது ஸ்ட்ராங்கு. போய்ட்டு வாங்க."

மணி பத்தரை. அத்தாவும் பொறுமையிழந்து, "பிளைட்டு நமக்காவ நிக்குமா?" என்றார். நானோ முன்னமே ஏறி உட்கார்ந்திருந்தேன். பிரேக்குக்கு இப்படி அஞ்சும் ஒருத்தியால் என் விமானம் தவறிவிடப்போகிறதே என்று சாச்சியின் மேல் எனக்கு அளவற்ற கோபம்.

வீட்டு வாசலில் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டது. சன்னல் வழியே உப்புக் குவியல்கள் வெள்ளையாக ஓடின. பாட வேண்டும் போலிருந்தது, கூச்சத்தால் பாடவில்லை. சாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சில்லென்றிருந்தது. கம்பிச் சுருளைப் பற்றி அவளுக்கு ஒன்றுவிடாமல் விளக்கினேன். அவள் தலையாட்டினாள், பின்னர், முன்னால் இருந்த அத்தாவுக்கும் அம்மாவுக்கும் கேட்காதபடி என் காதருகே குனிந்து கேட்டாள்.

"ஏண்டி, அவரு என்னைவிட ஒசரந்தானே?"

அவர்களுடைய திருமணத்தின்போது எனக்கு ஐந்து வயதுதான். சாச்சா விமானமேறியது திருமணமான இருபத்தாறாம் நாள். இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்க்க எனக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அன்று அவள் என் ஞாபகசக்தியைச் சோதிக்கிறாள் என்றே எண்ணினேன். எனக்கு அவர் முகமே நினைவில் இல்லை, ஆயினும் தோற்க மனமில்லாமல், "ரொம்ப ஒசரம்!" என்று வேனே அதிரக் கத்தினேன்.