வெளித் தாழ்ப்பாள்

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகட்டும். நான் கதை கட்டுகிற ஆள் இல்லை, கதவு மாட்டுகிற ஆள். இது எனக்கு நடந்தது. அதுவும் நட்டநடுப் பகலில், ஜன்னல் வழியாக வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. பேய் என்றால் ராத்திரிதான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவன்தான்.

ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் எழுபது கதவுகளை மாற்றும் வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. பகலில் அங்கே ஆட்கள் வேலை பார்ப்பார்கள். அதனால் எங்களுக்கு இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். தூங்குவதற்குக் கம்பெனியே பக்கத்துத் தெருவில் ஒரு ஹோட்டலில் அறை போட்டுக் கொடுத்தது. மூன்றாவது மாடி, கடைசி அறை.

என்னைப் பற்றி ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு இடத்தில் வாய்த் தகராறு முற்றி, நான் ஓங்கி அடித்ததில் ஒரு கண்ணாடிக் கதவு தூள் தூளாகிவிட்டது. "இன்னொரு தடவை உன்மேல புகார் வந்துச்சுன்னா உன் சீட்டு கிழிஞ்சிடும்" என்று சொல்லி, சூப்பர்வைசர் என்னிடம் எழுதியே வாங்கிக்கொண்டார். வீட்டில் இரண்டு பிள்ளைகள், என் ஒருவன் சம்பளம். அதனால் அந்த ஹோட்டலில் நான் இருக்கிற இடம் தெரியாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் காலை 7.05க்கு அறைக்கு வந்தேன். குளித்தேன். வெளியே வந்து பாத்ரூம் கதவைச் சாத்தினால் அது நிற்கவில்லை. தானாக நழுவித் திறந்தது. கீல் லேசாகச் சாய்ந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கதவின் வெளிப்பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் இருந்தது. முதல் இரண்டு நாளும் அதைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அதன் நாலு ஸ்க்ரூவையும், தலையில் உள்ள வெட்டு செங்குத்தாக நிற்கும்படி முடுக்கியிருந்தார்கள். எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. எவனோ வேலை தெரிந்தவன் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே தாழ்ப்பாளைப் போட்டேன்.

போடும்போது ஒரு பெண் குரல் கேட்டது. மெல்லிய குரல்.

"ஆள் இருக்கு."

பக்கத்து அறை பாத்ரூமாக இருக்கும் என்று நினைத்தேன். அசதி. படுத்ததும் தூங்கிப்போனேன்.

டொக்... டொக்... டொக்...

கண் விழித்து மணி பார்த்தேன். 11.40. அறையைச் சுத்தம் செய்ய வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "இப்ப வேண்டாம், அப்புறம் வாங்க" என்று கத்தினேன். சத்தம் நின்றது.

11.52. மறுபடி. டொக்... டொக்... டொக்...

எனக்கு எரிச்சல். எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தேன். வராந்தாவில் ஒரு ஈ காக்கை இல்லை. திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினேன்.

டொக்... டொக்...

முதுகுக்குப் பின்னால் கேட்டது. பாத்ரூம் கதவு.

உள்ளே யாரும் இல்லை. நான்தானே குளித்துவிட்டு வந்து தாழ்ப்பாள் போட்டேன். அங்கே இருக்கும் ஜன்னலில் கை மட்டும்தான் நுழையும்.

"யாரு?"

பதில் வந்தது.

"ஆள் இருக்கு."

அதே குரல். களைத்துப்போன குரல்.

கதவருகே போனேன். தாழ்ப்பாள் மேல் கை வைத்தேன். பித்தளை சில்லென்று இருந்தது.

திறக்கவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

12.10. தட்டல் அடியாக மாறியது.

தட்... தட்... தட்...

கதவு அதிர்ந்தது.

12.20.

படார்.

தாழ்ப்பாள் நுழைந்திருந்த வளையம் பிய்ந்தது. பலகை பிளந்தது. தாழ்ப்பாள் என் காலடியில் விழுந்தது.

உள்ளே...

யாருமே இல்லை.

ஆனால் தரை பளபளத்தது. நான் குளித்துச் சோப்பு நுரையோடு விட்டு வந்த தரை. இப்போது தேய்த்துத் துடைத்துக் காய்ந்திருந்தது. நான் கசக்கிப் போட்ட துண்டு நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

தாழ்ப்பாளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்படியே கீழே இறங்கி ஓடி, தெருவில் வெயிலில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பி வந்தபோது, அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மேனேஜர் வரவேற்பு மேஜையில் ஒரு காகிதத்தோடு காத்திருந்தார். மணி 2.15. மேலே 'பாத்ரூம் கதவை உடைத்ததற்கான இழப்பீடு' என்றும் என் பெயரும் எழுதியிருந்தது. கம்பெனிக்கு ஒரு நகல் போகும் என்று கீழே குறிப்பு.

"நான் உடைக்கல."

"பின்ன, அதுவா உடைஞ்சுக்கிச்சா?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கதவு மாட்டுறதுதான் என் தொழில். அந்தக் கதவு ரூம் பக்கம் திறக்கற கதவு. பிளந்திருக்கிறதும் ரூம் பக்கம்தான். சிராய் எல்லாம் கட்டில்கிட்ட கிடக்கு. உள்ள இருந்து தள்ளினாத்தான் அப்படி உடையும்."

"ஓகோ. உள்ள யாரு? யாரைக் கூட்டிட்டு வந்து அடைச்சு வச்சீங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். காது மடல் சூடாகிவிட்டது. கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள யாரும் இல்ல. குளிச்சிட்டு வந்து நானே வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்."

அவர் சிரித்தார். "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும். அந்தக் கதவுக்கு வெளிய தாழ்ப்பாளே கிடையாது."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து என் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். சூப்பர்வைசர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"பழைய குணம் போகலையா உனக்கு? சாயங்காலத்துக்குள்ள சேதம் இல்லைன்னு அவர்கிட்ட எழுதி வாங்கு. இல்லைன்னா சாமானை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிடு. இங்க வராத."

போன் வைக்கப்பட்டது. மேனேஜர் பேனாவை என் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடுங்க. பொய்க்காரங்ககிட்ட பேச எனக்கு நேரம் இல்ல."

பொய்க்காரன் என்றதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைப்பையில் இருந்த தாழ்ப்பாளை எடுத்து, அவர் கண்ணெதிரே மேஜையில் ஓங்கி வைத்தேன்.

"அப்ப இது என்ன?"

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அதைத் தொடவும் இல்லை. நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இது... எங்க கிடைச்சது?"

"நீங்க இல்லைன்னு சொன்ன இடத்துல."

"உள்ள ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"ஒரு பொம்பளை பேசினா."

"என்ன சொன்னா?"

"ஆள் இருக்குன்னு சொன்னா."

எங்களுக்குப் பின்னால் டமாரென்று ஒரு வாளி விழுந்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். தண்ணீர் என் செருப்புவரை ஓடி வந்தது.

மேனேஜர் அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்தார். வேறு தாள் எடுத்து, 'அறையில் சேதம் எதுவும் இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். அவசரத்தில் முத்திரை இரண்டாக விழுந்தது. தாழ்ப்பாளை விரலால் தொடாமல் பேனாவால் தள்ளி, ஒரு செய்தித்தாளில் சுருட்டினார்.

"ரூமைக் காலி பண்ணுங்க. இதை வெளிய பேசாதீங்க."

என் வேலை தப்பித்தது. மூன்றாம் மாடிக்கு நான் போகவில்லை. அந்த அக்காதான் போய் என் பையை எடுத்து வந்தார். படிக்கட்டு முனையில் நிறுத்திக் கேட்டேன்.  கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு முன்னாடி இங்க வேலை பார்த்தவ சார். எட்டு வருஷம் ஆச்சு. உள்ள உக்காந்து தரையைத் தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கா. ரூமைக் காலி பண்ணின ஆளு போன் பேசிக்கிட்டே, கதவு தானாத் திறக்குதுன்னு தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் போயிட்டான்."

"யாரும் தேடலையா?"

"ரூம் எடுக்க ஆள் வராத மாசம். அன்னிக்கே அந்த மாடியைப் பூட்டித் தண்ணியையும் நிறுத்திட்டாங்க. சொல்லாம கொள்ளாம வேலையை விட்டுட்டான்னு நினைச்சாங்க."

"எத்தனை நாள்?"

"ஆறு."



"அந்தத் தாழ்ப்பாளைப் போலீஸ் அப்பவே கழட்டி எடுத்துட்டுப் போயிடுச்சு. கதவையும் மாத்தியாச்சு. மத்த எந்த ரூம்லயும் வெளிய தாழ்ப்பாள் இருந்ததே இல்ல சார். அந்த ஒரு கதவுல மட்டும் எந்தப் பாவி மாட்டினானோ."

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நாலு ஸ்க்ரூ என் கண்ணைவிட்டுப் போகவில்லை. நேராக நின்ற நாலு வெட்டு. மறுநாள் காலை பரண்மேல் இருந்த பழைய நோட்டுகளை இறக்கினேன். போகிற இடமெல்லாம் என்ன வேலை பார்த்தேன் என்று எழுதி வைப்பது என் வழக்கம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய நோட்டு. அந்த ஹோட்டல் இருக்கும் அதே தெருவின் பெயர். பூச்சு வேலைகூட முடியாத கட்டடம், முப்பத்தாறு பாத்ரூம் கதவு, நாலு நாள் வேலை. வேனில் ஏற்றிப் போய் இறக்கினார்கள், வேனில் ஏற்றி வந்தார்கள். முகப்பும் பெயர்ப் பலகையும் வந்த பிறகு அந்த இடத்தை நான் பார்த்ததில்லை.

கடைசி நாள் பக்கம். மணி 9.20க்கு அதைப் படித்தேன்.

என் கையெழுத்துதான்.

'மூன்றாம் மாடி, கடைசி அறை. பாத்ரூம் தாழ்ப்பாளைத் தவறுதலாக வெளிப்பக்கம் மாட்டிவிட்டேன். உள்ளே வேறொன்று மாட்டியாயிற்று. வெளியே உள்ளதைக் கழற்றினால் புதுக் கதவில் நாலு ஓட்டை தெரியும். கதவு விலையை நம் தலையில் கட்டுவார்கள். அப்படியே விட்டுவிட்டேன்.'