கடதாசியைச் சுடுகிற துப்பாக்கி

பச்சைத் துணி விரித்த மேசையில் மூன்று கைத்துப்பாக்கிகள் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் நான் கொண்டுபோய் வைத்த கோப்பித் தட்டு. அண்ணை மேசைக்கு முன்னால் நின்று ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு சீவிய கையைக் குழாயில் கழுவி ஏற்கெனவே துடைத்தாயிற்று. பிறகும் விரல் விரலாகத் துடைத்தார். சங்கத் தலைவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற கிழவர். இருமிக்கொண்டே, எடு, எடு என்று கையைக் காட்டினார். அண்ணை அதைத் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எண்பத்தைந்து, எண்பத்தாறு காலம். டோர்ட்மண்டுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் எங்களைக் கொண்டுபோய் அகதி விடுதியில் விட்டிருந்தார்கள். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வேலை செய்யக் கூடாது, அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். இருக்க முடியுமா? நானும் அண்ணையும் கள்ளமாக வேலைக்குப் போனோம். அந்த இடத்தை ஜெர்மன்காரர் ஷுட்சன்ஹவுஸ் என்பார்கள், குறி பார்த்துச் சுடுகிறவர்களின் சங்க வீடு. முன்னால் சாப்பாட்டுக் கடை, பின்னால் நீளமான சுடுகூடம், இரண்டுக்கும் இடையில் எங்கள் சமையலறை. பின்பக்கம் வெடிச் சத்தம் கேட்கக் கேட்க நாங்கள் பொரிக்கிற இறைச்சிக்கு ரொட்டித் தூள் பிரட்டுவோம். முதல் கிழமை ஒவ்வொரு வெடிக்கும் நான் துள்ளி விழுந்தேன். அண்ணை ஒருநாளும் துள்ளவில்லை.

அவர் எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. விடுதியில் எல்லாரையும்விட மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அண்ணை. ஐம்பதை நெருங்கிய, ஒட்ட வெட்டிய தலைமயிருள்ள, சட்டைக் கையை ஒரே அளவில் மடித்து விடுகிற மனிதர். கொழும்பில் ஏதோ அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்ததாகச் சொல்லியிருந்தார். அதை நம்பாதிருக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை. எனக்கு மட்டும் அந்த வெடிச் சத்தம் உறுத்தியது. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அண்ணை, உங்களுக்கு உது பழகின சத்தமோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நான் பொலிஸில இருந்தனான், பிள்ளை. சார்ஜன்ட். உம்மட மனுசனுக்கும் சொல்லாதையும். என்ர மனுசியும் மகளும் ஊரில இருக்கினம்."

இதைப் படிக்கிற இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதிலென்ன ஒளிக்க இருக்கிறது என்று தோன்றலாம். அந்த நாளில் பொலிஸில் இருந்த தமிழன் என்றால் ஆயுதம் ஏந்திய இயக்கப் பொடியன்களுக்கு அவன் காட்டிக்கொடுக்கிறவன். விசாரணை என்று ஒன்று நடக்கும், நீண்ட நேரம் எடுக்காது. எண்பத்துமூன்று ஆடியில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரியத் தொடங்கிய அன்று காலை, மேலதிகாரி அண்ணையைக் கூப்பிட்டு இடுப்புத் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டாராம். 'உன்னுடைய பாதுகாப்புக்குத்தான்' என்று சொல்லித்தான் வாங்கினாராம். அன்று பின்னேரம் அண்ணையின் வீடு எரிந்தது. மனைவியையும் மகளையும் யாழ்ப்பாணத்தில், தங்களை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில், மனைவியின் தம்பியோடு இருத்திவிட்டு அவர் வெளிக்கிட்டார். அந்த ஊரிலும் அவர் கிளார்க்தான். ஜெர்மனிக்கு வந்து அகதி விசாரணையில் இருந்தபோதும் கிளார்க்தான், ஏனென்றால் அங்கே மொழிபெயர்க்க இருந்தவர் ஒரு தமிழர். அகதி என்று நிரூபிக்க அவரிடம் இருந்த வலுவான கதை அது ஒன்றுதான். அதைத்தான் அவரால் சொல்ல ஏலாமல் போனது.

இனி மேசைக்கு வருகிறேன். சங்கத் தலைவர் எப்படி மோப்பம் பிடித்தார் என்றால், அண்ணை சுடுகூடத்துக்குக் கோப்பை எடுக்கப் போன இடத்தில் வாயை, இல்லை, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஓர் ஆள் சுட்ட அட்டையில் ஓட்டைகள் எல்லாம் இடப்பக்கம் கீழே விழுந்திருந்தன. அண்ணை அதைப் பார்த்து நின்று, தன் சுட்டுவிரலை வெடுக்கென்று இழுத்துக் காட்டி, அப்படி இழுக்காதே என்று தலையை ஆட்டி, மெல்ல அமத்திக் காட்டினாராம். அந்த ஆளின் அடுத்த சூடு நடுவில் போய் ஏறியது. இதைப் பார்த்த தலைவர் விடுவாரா? சனிக்கிழமை விருந்தாளியாக வந்து சுடு, நான் பக்கத்தில் நிற்கிறேன், சட்டம் அதற்கு இடம் தருகிறது என்று பிடித்த பிடியில் நின்றார்.

அண்ணை முதலில் பெரிய துப்பாக்கியை எடுத்தார். கறுப்பாக, பாரமாக, தலைவர் பெருமையோடு முதலில் வைத்திருந்தது அது. எடுத்த உடனே திறந்து உள்ளே குண்டு இல்லை என்று கண்ணாலும் பார்த்தார், சின்ன விரலை விட்டும் பார்த்தார். மூன்று வருடமாகத் தொடாத கை அது. பிறகு கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "இது ஆளைச் சுடச் செய்தது, பிள்ளை. கடதாசியைச் சுட உது வேண்டாம் எண்டு சொல்லும்." என்னுடைய ஜெர்மன் அந்நாளில் உப்பு, எண்ணெய், வாளி அளவில்தான் இருந்தது. "மனிதன் வேண்டாம், பேப்பர் வேணும்" என்று நான் சொன்னதைக் கிழவர் எப்படியோ விளங்கிக்கொண்டு சிரித்து இருமினார்.

இரண்டாவது, புத்தம் புதிது. பந்தயக்காரர் வைத்திருப்பது. கைபிடி கைக்கென்றே செதுக்கியது போல இருந்தது, எனக்கே அதுதான் பிடித்தது. அண்ணை வெறும் துப்பாக்கியின் விசையை அமத்திப் பார்த்தார். தொட்டதும் 'டிக்' என்றது. "பழக்கம் விட்ட விரலுக்கு இது கூடாது. நினைக்க முதல் வெடிக்கும்" என்று அதையும் வைத்துவிட்டார். மூன்றாவது, மரப்பிடி தேய்ந்து எண்ணெய் ஊறிப்போன, சின்னக் குண்டு போடுகிற பழசு. அதைக் கையில் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை நீட்டி உயர்த்தினார். பிறகு கண்ணைத் திறந்தார். குழலின் முனையிலுள்ள முன்குறியும் பின்னாலுள்ள பின்குறியும் ஒரே கோட்டில் நின்றனவாம். கண்ணால் பார்த்துத் திருத்தாமலே நேராக நின்றால் அதுதான் உன் கைக்கு உரியது என்று பிறகு எனக்கு விளக்கினார். அப்போது அவர் முகத்தில் வந்த ஒன்றை நான் அதற்கு முன் கண்டதில்லை. விடுதியில் வரிசையில் நின்று படுக்கை விரிப்பு வாங்குகிற அந்த மனிதர் இல்லை அவர். எனக்குச் சந்தோசமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

முதல் நாள் சூடுகள் அட்டை முழுக்கச் சிதறின. முன்குறியைப் பார்த்தால் அட்டை மங்குகிறது, அட்டையைப் பார்த்தால் முன்குறி மங்குகிறது, வயது போய்விட்டது என்று சலித்துக்கொண்டார். கிழவர் தன் பழைய கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். சனிக்கு சனி ஓட்டைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. "அண்ணை, உது வேண்டாம், விட்டுடுங்கோ" என்று நான் கெஞ்சினேன், ஏசினேன்கூட. "இஞ்ச ஒரு தமிழரும் வாறதில்லைப் பிள்ளை" என்றார். அது உண்மைதான். இலையுதிர் காலத்துக் கொண்டாட்டம் வரும்வரை உண்மையாக இருந்தது.

கொண்டாட்டத்துக்கு இருக்கை வாங்குகளும் மேசைகளும் சுமக்க ஆள் தேவைப்பட்டபோது சாப்பாட்டுக் கடைக்காரி கூப்பிட்டது என் மனுசனை. அன்று விருந்தாளிகளுக்கு ஒரு சுடும் போட்டி இருந்தது. முதல் பரிசு, புகை போட்ட முழுப் பன்றித் தொடை. அண்ணை சுட வெளிக்கிட மாட்டேன் என்றுதான் நின்றார். கிழவர் அந்தப் பழைய துப்பாக்கியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். அவ்வளவுதான். அன்று அவர் சுட்ட அட்டையில் நடுவில் ஒரே ஓர் ஓட்டை, கொஞ்சம் பெரிய ஓட்டை. அத்தனை குண்டும் அதற்குள்ளால் போயிருந்தன. வெள்ளைக்காரர் கை தட்டினார்கள். என் மனுசன் மேசையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அண்ணையைக் கட்டிப்பிடித்தார். நாங்கள் எல்லாரும் குனிந்து நடந்த காலம் அது. எங்களில் ஒருவர் நிமிர்ந்து நின்றதைக் கண்ட சந்தோசத்தில் அந்த மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

பரிசுத் தொடையைத் தோளில் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போனதும் அவர்தான். பொதுச் சமையலறையில் வைத்துக் கத்தியால் வெட்டி, இருந்த பொடியன்களுக்கெல்லாம் பங்கு போட்டார். வெட்ட வெட்டக் கதையும் சொன்னார். "கண்ணை மூடிக்கொண்டு தூக்குறார் மனுசன், திறக்க நேர நிக்குது! ஜெர்மன்காரன் ஒருத்தன் கிட்டவும் வரேல்லை. அது பழைய கையடா!" நான் கண்ணால் காட்டினேன், காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னார். நம்மவன் ஒருவன் வென்றதை நம்மவர்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஊரில் ஓர் இயக்கத்தில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்த இளைஞன் ஒருவன் அங்கே இருந்தான். வாயில் இருந்த இறைச்சியை மென்று விழுங்கிவிட்டுத்தான் கேட்டான். "அண்ணை உதை எங்க பழகினவர்?" அந்த நாளில் பிஸ்டல் பிடிக்கத் தெரிந்த தமிழர் இரண்டு வகைதான். ஒன்று இயக்கம், மற்றது பொலிஸ் அல்லது ஆமி. இயக்கம் என்றால் எந்த இயக்கம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அண்ணையின் வயதில் இயக்கத்தில் யார் இருந்தார்கள்? சமையலறையில் ஒவ்வொருவராக மெல்லுவதை நிறுத்தினார்கள். அண்ணை, "சும்மா, இஞ்ச வந்துதான் பழகினனான்" என்றார். என் மனுசனுக்கு அப்போதும் விளங்கவில்லை, இன்னொரு துண்டு வெட்டி அந்த இளைஞனின் தட்டில் வைத்தார்.

அன்றிரவு அவரோடு நான் பிடித்த சண்டை இன்றைக்கும் எங்கள் வீட்டில் முடியவில்லை. நீ முதலே எனக்குச் சொல்லியிருக்கலாம் என்பார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான், அதில் எனக்கு வெட்கம் ஏதுமில்லை. விடுதியில் அண்ணையை யாரும் தொடவில்லை. அவர் வந்து இருந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள், அவ்வளவுதான். அந்த இளைஞன்தான் செய்தி அனுப்பினான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. அவன் லண்டனில் யாருக்கோ கதை போலச் சொல்லியிருக்கலாம், அங்கிருந்து இன்னொருவர். எங்கள் ஆட்களின் வாய்க்கு விமானமும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். தை மாதம் முடியுமுன் அது அண்ணையின் மனைவியும் மகளும் இருந்த அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இப்போது அந்தச் சங்க வீட்டின் முன்மண்டபத்தை எங்கள் ஆட்கள் பிறந்தநாளுக்கும் பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்கும் வாடகைக்கு எடுக்கிறார்கள். போன வருடம் உறவுக்காரப் பிள்ளையின் விழாவுக்கு நானும் போனேன். பூ அலங்காரம், பெரிய பாட்டுச் சத்தம், ஜெர்மன் மட்டும் பேசுகிற குஞ்சு குருமான்கள். சாப்பாட்டுத் தட்டோடு சமையலறைப் பக்கம் போனவள் அந்த ஒடுங்கிய நடைவழியில் நின்றுவிட்டேன். அந்த நாளில் சுவரில் தொலைபேசி இருந்த இடத்தில் இப்போது தீயணைப்புக் குழாய் ஒன்று தொங்குகிறது. என் மகள் வந்து, "அம்மா, என்ன நிக்கிறீங்கள்?" என்றாள். கால் உளைகிறது என்றேன். அண்ணை விடுதியை விட்டுப் போய், கடைசிவரை பேர்லினில் நொய்கெல்ன் பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவி, அங்கேயே ஓர் அறையில் தனியாகச் செத்துப்போனதை அவளுக்குச் சொல்லி என்ன பயன்?

அந்தத் தொலைபேசிக்குத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்திருந்த அவருடைய மனைவி கொழும்பிலிருந்து கூப்பிட்டார். அன்றும் சனிக்கிழமை, பின்னால் வெடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் பேசியது மிகக் குறைவு. "எப்ப?" என்றார். "பிள்ளை எங்க?" என்றார். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே நின்று, "ஓம்" என்றார். ரிசீவரை வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. "என்னவாம் அண்ணை?" என்றேன். மச்சானை, அதுதான் மனைவியின் தம்பியை, இயக்கப் பொடியன்கள் வீட்டுக்கு வந்து விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போனார்களாம், பொலிஸ்காரன் குடும்பத்தை ஒளித்து வைத்தவன் என்று சந்தியில் சுட்டுப் போட்டார்களாம். கடைக்காரி உள்ளிருந்து இறைச்சி எங்கே என்று கத்தினாள்.

"மனுசி ஒண்டுதான் கேட்டவள், பிள்ளை," என்றார் அண்ணை. "அங்க போயும் உங்களுக்கு உது தேவைப்பட்டதோ எண்டு கேட்டவள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டனான்."

எனக்கு ஆத்திரம் வந்தது. செத்த வீட்டுச் செய்தி கேட்ட மனிதரிடம் கத்தினேன். "இல்லை எண்டு சொல்லியிருக்கலாமே! ஊருக்கெல்லாம் பொய் சொன்ன உங்களுக்கு அவவுக்கு ஒரு பொய் சொல்ல ஏலாதோ?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு மட்டும்தான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை என்றார். பின்னால் இன்னொருவர் சுடத் தொடங்கினார். பிறகு வந்த சனிக்கிழமைகளில் அந்தத் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். அவருடைய மனைவி அதற்குப் பிறகு கூப்பிடவேயில்லை.