மீனாட்சியா, மீனாக்ஷியா

என் மகள் பிறந்த நான்காம் நாளே அவளுக்கு என்ன பெயர் என்பது முடிவாகிவிட்டது. என்னை யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் குடும்பம் மதுரைப் பக்கத்திலிருந்து இலங்கைக்கு வந்து பதுளை பஜாரில் புடவைக்கடை வைத்த குடும்பம். தலைமுறைக்கு ஒரு மீனாட்சி அங்கே இருந்தாக வேண்டும். போன தலைமுறை மீனாட்சி செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, இடம் காலி. எனக்கும் பிடித்த பெயர்தான் என்பதால் பேசாமல் இருந்தேன்.

சண்டை எழுத்தில் வந்தது. என் கணவரின் அக்கா, அந்த வீட்டின் கடைசித் தீர்ப்பை எப்போதும் சொல்கிறவர், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"மீனாட்சின்னு 'ட்' போட்டு எழுதிறாதீங்க. மீனாக்ஷின்னு 'க்ஷி' போட்டு எழுதணும். அதான் பாக்க லட்சணமா இருக்கும்."

"ரெண்டும் ஒரே பேருதானே அண்ணி?"

"ஒனக்கு ஒண்ணாத்தான் தெரியும். 'ட்சி'ன்னு போட்டா தோட்டத்துப் பேரு மாதிரி இருக்கும்மா. லயத்துக்கு நாலு மீனாட்சி இருப்பாளுக."

நான் பிறந்தது தெமோதரையில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்தவர். இது தெரிந்துதான் அண்ணி சொன்னார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்கு அரசாங்க வாத்தியார் வேலை கிடைத்திராவிட்டால் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக்கூட விட்டிருக்கமாட்டார்கள். மாதாமாதம் சம்பளம் வருகிற மருமகள் என்றதும் லயம் கொஞ்சம் மறந்துபோயிற்று. பிள்ளை பிறந்ததும் ஞாபகம் வந்துவிட்டது.

கடையைப் பார்த்துக்கொள்ளும் என் கணவரின் அண்ணனுக்கு வேறு நியாயம். "சிங்களத்துல எழுதுறப்ப 'க்ஷி'தான் நல்லா விழும். அவங்க புள்ளைகளுக்கும் அந்தப் பேரு இருக்கு. நாளைக்கு பேங்க்ல, ஆபிஸ்ல பேரப் பாத்து தமிழ்ப் புள்ளன்னு ஒடனே கண்டுபிடிக்க ஏலாது." ஏதோ பெரிய தந்திரத்தைக் கண்டுபிடித்தவர்போல் பிளேன்டீயை உறிஞ்சினார். நெற்றி நிறைய விபூதி. மதுரையிலிருந்து வந்த பெருமையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிற மனிதர்.

என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு, "யோசிப்போம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

இரண்டு வாரம் இதே பேச்சு. பிள்ளை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அபிப்பிராயம் கேட்டார்கள். பசறையிலிருந்து வந்த ஒரு சித்தப்பா, விஷயம் என்னவென்றே புரியாமல், "க்ஷிதான் கௌரவம்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டார். அந்த வீட்டில் தமிழ் கற்பிக்கிறவள் நான் ஒருத்தி. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கடைக்கு முன்னால் 'தீபாவாளி மலிவு விற்பனை' என்று வருடம் முழுக்கப் பலகை தொங்கவிட்டிருந்தவர்கள் எழுத்தின் கௌரவத்தைப் பற்றிப் பேசினார்கள். இதில் வேடிக்கை, அவர்களில் ஒருவர் வாயிலும் 'ட்சி'யும் வரவில்லை, 'க்ஷி'யும் வரவில்லை. எல்லோரும் சொன்னது "மீனாச்சி". தெமோதரையில் எங்கள் லயத்தில் சொல்வதும் அதேதான்.

எழுத்து முடிவாகாததால் என் வீட்டுக்காரர் பிறப்பைப் பதியப் போகவில்லை. ஒருநாள் காலை எல்லோரும் கடைக்குப் போன பிறகு, ஆஸ்பத்திரி கொடுத்த பிறப்புச் சீட்டையும் கல்யாணச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையைத் துண்டில் சுற்றி, த்ரீவீலரில் ஏறிப் போனேன். பதிவாளர் பொறுமையான மனிதர். எந்த எழுத்து என்று கேட்டார். ஒரு தாளில் மீனாட்சி என்று எழுதிக் காட்டினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

தமிழ்மேல் இருந்த பற்றால் செய்தேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. அண்ணியின் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழித்துத் தொட்டிலில் போட்டார்கள். அப்பா தேயிலைத்தூள் பையோடு காலை பஸ்ஸில் வந்திருந்தார். அவரை வாசல் பக்கமாக ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்திருந்தார்கள். அத்தை முறைக்கு அண்ணி பிள்ளையின் காதில் மூன்று தடவை "மீனாச்சி" என்று சொன்னார். பிறகு நிமிர்ந்து, "க்ஷிதான், எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றார்.

நான் அலமாரியிலிருந்து சான்றிதழை எடுத்து வந்து கையில் கொடுத்தேன்.

அண்ணி படித்தார். நான் ஆசைப்பட்டபடியே முகம் போயிற்று. "யாரக் கேட்டு எழுதின?" என்றார். "பெத்தவ நான்தானே" என்றேன். கணவரின் அண்ணன் சான்றிதழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் வேறு எழுத்து இருக்குமோ என்று. என் வீட்டுக்காரர் சமையலறைக்குப் போய்விட்டார். அண்ணி அன்று சாப்பிடாமலே புறப்பட்டுப் போனார்.

அப்பா சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு அவரோடு நடந்து போகும்போது அவராகவே சொன்னார்:

"அந்தப் பொம்பள சொன்ன எழுத்தையே போட்டிருக்கலாம்மா."

"நீங்களுமாப்பா?"

"இல்லம்மா. பேரப் பாத்ததும் தோட்டத்துப் புள்ளன்னு தெரியாம இருந்திருக்கும். ஒனக்குப் படிப்பு இருக்கு, கூச்சமில்ல. எங்கிட்ட ஆபிஸ்ல பேரக் கேட்டா இன்னமும் கொரல் எறங்கிப்போகும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த வீட்டார்மேல் இத்தனை நாளும் இருந்த இளக்காரம் முழுவதும் ஒரு கணம் அவர்மேல் திரும்பியது. "அப்பிடியே இருங்க, காலம் பூரா குனிஞ்சுகிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். தெமோதரை பஸ் வந்ததும் அப்பா ஏறினார், ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததும் கையை மட்டும் காட்டினார்.

அண்ணி இன்றுவரை பிறந்தநாள் பரிசுகளில் 'மீனாக்ஷிக்கு' என்றுதான் எழுதி அனுப்புகிறார். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறேன், அவரைக் கேவலமாக நினைப்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அப்பாவிடம் அன்று பேசியதற்கு மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் பேத்தியைப் பார்க்க வரும்போதெல்லாம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். தேநீர் ஊற்றிக் கொடுக்கிறேன், அத்தோடு சரி.