உப்பில்லாமல் ஆறு முட்டை

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதம், கொல்லிமலையில் எங்கள் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தோம். மரத்தில் ஏணி சாத்தி ஏறியிருந்த என் வீட்டுக்காரர் பாதியிலேயே இறங்கி, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஏழெட்டு வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும். மாத்திரை இருந்தால் போடுவார். தீர்ந்துவிட்டால் அடுத்த தடவை கீழே போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்பார். அன்றைக்கு நான் விடவில்லை. பறித்த மிளகைக்கூடக் காய வைக்காமல் மறுநாள் காலை பஸ் ஏற்றி, சேந்தமங்கலம் தாண்டி ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா நிதானமாகத்தான் சொன்னார். "யூரின்ல சத்து வெளிய போகுதுங்கம்மா. கிட்னியில உப்பும் கொஞ்சம் கூடியிருக்கு. மாத்திரைய விடாம குடுங்க. ஒரு மாசத்துல திரும்பக் கூட்டிட்டு வாங்க." கேட்கிறதுக்கு ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். நான் இல்லை என்றேன். நான் எட்டாவது வரை படித்தவள். எங்கள் ஊரில் யாருக்கு மருந்துச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவந்து படிக்கச் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு மிதப்பு உண்டு. எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

எனக்குப் புரிந்தது இதுதான்: உப்பு கூடிவிட்டது, ஆகவே உப்பைக் குறைக்க வேண்டும். சத்து வெளியே போகிறது, ஆகவே போகிற சத்தை உள்ளே திருப்பிப் போட வேண்டும். எங்கள் பக்கம் சத்து என்றால் முட்டைதான். வேறு எதுவும் எனக்குத் தோன்றவே இல்லை.

எங்களிடம் ஏழு நாட்டுக்கோழிகள் இருந்தன. முட்டையை அடை வைப்போமே தவிர, வீட்டில் அதிகம் சாப்பிட மாட்டோம். அந்த மாதம் ஒன்றுகூட அடை வைக்கவில்லை. போதாததற்குக் கீழேயிருந்து வருகிற வண்டியில் அட்டை அட்டையாக வாங்கினேன். காலையில் இரண்டு பச்சை முட்டை, நல்லெண்ணெய் ஊற்றி. வயசுக்கு வந்த பிள்ளைகளுக்குத்தான் எங்கள் ஊரில் அப்படிக் கொடுப்பார்கள். "ஏம்புள்ள, என்னைய என்ன சமஞ்ச புள்ளைன்னு நெனச்சியா" என்று சிரித்துக்கொண்டே குடிப்பார். மதியம் இரண்டு பொரியல், ராத்திரி இரண்டு அவித்தது. எதிலும் உப்பு கிடையாது. உப்பு ஜாடியையே அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டேன். உப்பில்லாமல் ஆறு முட்டை, தினமும். மனுஷன் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்.

மாசி கடைசியில் முகம் உருண்டுவந்தது. கன்னம் நிறைந்தது. ஒட்டிக் கிடந்த கால் தடித்து, செருப்பு வார் மேலே ஏற மறுத்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பக்கத்துத் தோட்டத்து அக்கா, "அண்ணன மறுபடியும் மாப்பிள்ளை ஆக்கிப்புட்டியே" என்று கேலி பண்ணினாள். நான் பெருமையாகச் சிரித்தேன். ஒரு நாள் அவர் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது விரல் பட்ட இடம் குழி விழுந்து அப்படியே நின்றது. பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மாத்திரை தீர்ந்ததும் வாங்கவில்லை. ஆள்தான் தேறிவிட்டாரே, எதற்கு வீணாகக் கீழே போய் அலைய வேண்டும் என்று நானே முடிவு பண்ணினேன். மாதங்கள் ஓடிவிட்டன.

வைகாசியில் ஒரு விடியற்காலை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் இறங்கினோம். எழுபது வளைவுக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தார்.

அதே டாக்டரம்மா. என் வீட்டுக்காரர் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இந்த வீக்கம் எப்போதிலிருந்து என்று கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. "வீக்கமில்லீங்க டாக்டர், தேறியிருக்காருங்க."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு ஒரு தாளில் சல்லடை மாதிரி வரைந்து காட்டிச் சொன்னார். கிட்னி ஒரு சல்லடை. சர்க்கரையும் பிரஷரும் பல வருடமாக அதைக் கிழித்துவிட்டன. அதனால்தான் உடம்பில் தங்க வேண்டிய புரதம் ஒழுகுகிறது. ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் கொட்டினால், கிழிந்த சல்லடைக்குத்தான் வேலை அதிகம். உப்பு என்று அவர் சொன்னது ரத்தத்தில் தேங்குகிற கழிவை. சமையல் உப்பை அல்ல. நான் சதை என்று நினைத்ததெல்லாம் நீர். முட்டை மட்டும் காரணமில்லை என்றும் சொன்னார். "வீக்கம் வந்தப்பவே வந்திருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே விட்டுவிட்டுச் சீட்டு எழுதத் தொடங்கினார்.

அதன் பிறகு வாரம் இரண்டு நாள் மெஷினில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். வாரம் இரண்டு தடவை மலை இறங்கி, மலை ஏறினோம். கொடுமை என்னவென்றால், மெஷின் வைத்த பிறகு டாக்டரம்மா, இனிமேல் தினமும் முட்டை வெள்ளைக்கரு கொடுங்கள், மெஷினில் புரதம் போய்விடும் என்றார். முட்டையா, முட்டையா என்று மூன்று தடவை கேட்டேன். ஒரு முட்டைக்கு எத்தனை கரண்டி வெள்ளை வரும், அவிப்பதா பொரிப்பதா, மஞ்சள் துளி கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். இப்படி முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். வீட்டில் முட்டையை எடுத்தால் உடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பேன். அவரே வாங்கி உடைத்துக்கொள்வார்.

அப்படி ஒரு நாள் உடைத்துக்கொண்டே சொன்னார். "மாசி மாசத்துலயே கொமட்டிட்டுத்தான் இருந்துச்சு புள்ள. எதைத் தின்னாலும் வாந்தி வர்றாப்புலயே இருக்கும். நீ எதுத்தாப்புல உக்காந்து பாத்துட்டே இருந்தியா, வேண்டாம்னு சொல்ல மனசு வரல." அந்தக் குமட்டலும் கிட்னி கெட்டதன் அறிகுறிதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் முகம் வாடக் கூடாதென்று அவர் அதை என்னிடம் மறைத்திருக்கிறார்.

மறு வருடம் ஐப்பசியில் அவர் போய்விட்டார். விதி என்கிறார்கள், அறியாமல் செய்தது என்கிறார்கள், யார் என்ன சொன்னாலும் எனக்கு மனசு ஆறவில்லை. கடைசி வரை அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை; ஒரு தடவையாவது வாய்விட்டுத் திட்டியிருந்தால், அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டாவது மிச்ச நாளைத் தள்ளியிருப்பேன்.